வீட்டுக்குள் வராத டவர்

ஒரு குடும்பத்தின் அன்றாடக் காரியங்களில் பெரும்பகுதி கைப்பேசியின் வழியாகவே நடந்தேற வேண்டுமென்ற நிலைமை ஏற்பட்டுவிட்ட இந்நாளில், வீட்டுக்குள் அதற்கு சிக்னல் எட்டவில்லையென்பதை வெறும் அசௌகரியமென்று சொல்லித் தள்ளிவிட முடியாது. வங்கி அனுப்பிய ஓ.டி.பி. காலாவதியான பிறகு வந்து சேருகிறது. சிலிண்டர் கொண்டுவந்தவர் வாசலில் நின்று எண்ணைக் கேட்க, வீட்டுக்காரர் மொட்டை மாடிக்கு ஓடிப் போய்க் கைப்பேசியை உயர்த்திப் பிடிக்க வேண்டியிருக்கிறது. வெளியூரிலிருக்கும் மகள் தாயாரின் உடல்நிலையை விசாரிக்க அழைத்தால், வாடிக்கையாளர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறாரென்று ஒரு பதிவுக் குரல் பதில் சொல்லுகிறது. அந்தத் தாயாரோ மாநகரத்தின் நடுவே, நாலா பக்கமும் டவர்கள் நிற்கும் பிரதேசத்தில், தம் கட்டிலிலேயே உட்கார்ந்திருக்கிறார்.

இந்தக் கஷ்டத்துக்குப் பரிகாரமென்று இணையக் கடைகளிலும் மின்சாதனக் கடைத்தெருக்களிலும் விற்கப்படுவதுதான் சிக்னல் பூஸ்டர். சில ஆயிரம் ரூபாய் விலையில் ஓர் அட்டைப் பெட்டி. அதற்குள் மாடியில் பொருத்துவதற்கு ஓர் ஆன்டெனா, வீட்டுக்குள் மாட்டுவதற்கு மற்றொன்று, இரண்டுக்கும் நடுவே புத்தகம் பருமனில் ஓர் உலோகப் பெட்டி, கறுப்புக் கேபிள் ஒரு சுருள். உயர்தரச் சாதனங்கள் இதைப் போலப் பல மடங்கு விலை பெறுவன. சாமானிய மக்கள் வாங்குவது இந்த மலிவுச் சரக்கைத்தான். இதனால் உண்மையில் பிரயோஜனம் உண்டா, உண்டென்றால் எவ்வளவு, அந்தப் பிரயோஜனத்துக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பவற்றை நேரில் கண்டறிய வேண்டுமென்ற எண்ணம் எனக்கு நெடுநாளாக உண்டு. சென்னையின் தென்பகுதியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில் குடியிருக்கும் என் நண்பர் அப்படி ஒன்றை வாங்கிப் பொருத்தியிருப்பதாகச் சொன்னபோது அதற்கு வாய்ப்புக் கிட்டியது.

அந்த வீட்டின் பின்புற அறைதான் வயது முதிர்ந்த அவருடைய தாயார் இருக்கும் இடம். அறைக்கு மேலே மூன்று தளங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் இரும்புக் கம்பிகளை வலைபோல் பின்னிக் கான்கிரீட் ஊற்றிய கூரை. ஒரு பக்கம் கார் நிறுத்துமிடம். மறு பக்கம் கையெட்டும் தூரத்தில் அடுத்த கட்டடத்தின் சுவர். வெளியே தெருவில் நின்றால் கைப்பேசியில் கோடுகள் நிறைவாகத் தெரிகின்றன. அறைக்குள் நுழைந்தால் ஒன்றாகி, கட்டிலருகே போனால் அதுவும் மறைந்துவிடுகிறது. செங்கல் சுவர் ரேடியோ அலையை ஓரளவு விழுங்கும். கான்கிரீட் அதைவிட அதிகமாக விழுங்கும். உலோகப் பூச்சுள்ள நிறக்கண்ணாடியும் தகரக் கூரையும் அலையைத் திருப்பியே அனுப்பிவிடும். அலைவரிசை உயர உயர இந்த நஷ்டமும் அதிகரிக்கும்: 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் அலைகள் சுவரைத் துளைத்து வருமளவுக்கு 2300 மெகாஹெர்ட்ஸ் அலைகள் வருவதில்லை, ஐந்தாம் தலைமுறைச் சேவைக்கென்று வந்திருக்கும் 3300 மெகாஹெர்ட்ஸ் அலைகளின் கதி இன்னும் பரிதாபம்.

கைப்பேசித் திரையில் தெரியும் கோடுகளை நம்பிப் பரீட்சை செய்வதில் அர்த்தமில்லை; எத்தனை சிக்னலுக்கு எத்தனை கோடு காட்டுவதென்பது ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டப்படி வைத்துக்கொண்ட கணக்கு. ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் பலவற்றில் செட்டிங்ஸுக்குள் போய், சிம் நிலவரத்தைக் காட்டும் பகுதியைத் திறந்தால், மைனஸ் குறியுடன் ஓர் எண் தெரியும். டி.பி.எம். என்னும் அளவையில் சிக்னலின் உண்மையான பலம் அதுதான். நாலாம் தலைமுறைச் சேவையில் மைனஸ் 80 என்றால் திவ்வியம். மைனஸ் 100 என்றால் சுமார். மைனஸ் 110க்குக் கீழே போனால் பேச்சு அறுபடத் தொடங்கும். மைனஸ் 120ஐ நெருங்கினால் தொடர்பு அனேகமாகப் போய்விட்டது. இந்த அளவையில் பத்துப் படி ஏறினால் சக்தி பத்து மடங்கு. இருபது படி ஏறினால் நூறு மடங்கு. மைனஸ் 110 என்பது ஒரு வாட் சக்தியைக் கோடியைக் கோடியால் பெருக்கிவரும் எண்ணிக்கையுள்ள பங்குகளாகப் பிரித்தால் அவற்றில் ஒரே ஒரு பங்கு. அத்தனை சூட்சுமமான அலையையும் கிரகித்து மனிதக் குரலாக மாற்றித் தரும் கருவி நம் சட்டைப் பையில் இருக்கிறதென்பதை நினைத்தால், அதைச் செய்தவர்களின் புத்திநுட்பத்தை மெச்சாமலிருக்க முடியவில்லை.

பூஸ்டரை அணைத்து வைத்துவிட்டு அளந்தபோது, தாயாரின் கட்டிலருகே எண் மைனஸ் 114ஐ ஒட்டி ஊசலாடியது. நண்பர் சுவிட்சைப் போட்டார். பெட்டியில் பச்சை விளக்குகள் எரிந்தன. சற்று நேரத்தில் எண் மைனஸ் 88க்கு வந்து நின்றது. இருபத்தாறு படிகள், அதாவது சிக்னலின் சக்தி ஏறக்குறைய 400 மடங்கு பெருகிவிட்டது. மறைந்திருந்த கோடுகளெல்லாம் திரும்பி வந்தன. இந்த ஒரு காட்சியோடு பரீட்சையை முடித்துக்கொண்டால், விளம்பரத்தில் சொன்னதெல்லாம் சத்தியமென்று எழுதிவிடலாம். பலரும் அவ்வளவோடுதான் திருப்தியடைகிறார்கள்.

ஆனால் கோடு வந்ததும் குரல் வர வேண்டுமல்லவா? தாயாரின் கைப்பேசியிலிருந்து என்னை அழைக்கச் சொல்லிவிட்டு, நான் தெருவில் போய் நின்று கேட்டேன். டவர் அவருக்கு அனுப்பியதெல்லாம் தெளிவாகப் போய்ச் சேர்ந்தது. அவர் பேசியதுதான் இடையிடையே விட்டுவிட்டு என் காதில் விழுந்தது. இணைய வேகத்தைச் சோதித்தபோதும் 400 மடங்கு பெருகிய சிக்னலுக்கேற்ற ஏற்றம் எதுவும் தென்படவில்லை. காரணம் விளங்கிக்கொள்ளக் கூடியதே. நமக்கு வேண்டியது உரத்த சிக்னல் மாத்திரமன்று, இரைச்சலினின்று பிரித்தறியத்தக்க சிக்னல். மாடியிலுள்ள ஆன்டெனா நம் டவரின் அலையோடு பக்கத்து டவர்களின் அலைகளையும் சேர்த்தே வாங்குகிறது. பெட்டி அவையனைத்தையும் பாரபட்சமில்லாமல் பெருக்கி, போதாததற்குத் தன் சொந்த இரைச்சலையும் கலந்து வீட்டுக்குள் விடுகிறது. நல்ல சாதனங்களில் இந்த இரைச்சலைக் கட்டுப்படுத்தும் வடிப்பான்கள் உண்டு. விலையைக் குறைக்க வேண்டுமென்றால் முதலில் கை வைப்பது அவற்றில்தான்.

வேறொரு குறையும் தெரிந்தது. என் கைப்பேசியில் இரண்டு சிம்கள். ஒன்று பூஸ்டரால் பலம் பெற்றது, மற்றொன்று அசையவேயில்லை. பெட்டியின் மேல் அச்சிட்டிருந்ததைப் படித்தேன்: 900, 1800, 2100. இந்த மூன்று அலைவரிசைகளை மட்டுமே அது பெருக்கும். நம் நாட்டின் நாலாம் தலைமுறைச் சேவையில் கணிசமான பங்கு 2300 மெகாஹெர்ட்ஸில் நடக்கிறது. அங்கே டவர் பேசுவதும் கைப்பேசி பேசுவதும் ஒரே அலைவரிசையில், கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைந்த கால இடைவெளிகளில் மாறி மாறி நிகழ்வதால், அந்தத் தாளத்தை அறிந்து திசை மாற்றும் ஏற்பாடில்லாத மலிவுப் பெட்டிக்கு அது எட்டாத விஷயம். 3300 மெகாஹெர்ட்ஸில் வரும் ஐந்தாம் தலைமுறைச் சேவைக்கும் இதே நியாயந்தான். ‘எல்லா சிம்மும் எடுக்கும்’ என்று கடைக்காரர் சொல்லுவதை ஒப்புக்கொள்ளுமுன் பெட்டியின் மேலுள்ள எண்களைப் பார்க்க வேண்டும்.

பிறகு நண்பர், சிக்னல் கூடத்துக்கும் கிடைக்கட்டுமென்று, உள்ளே மாட்டியிருந்த ஆன்டெனாவைச் சுவரிலிருந்து கழற்றி ஜன்னலண்டை கொண்டுபோய் வெளிப்புறமாகத் திருப்பி வைத்தார். பச்சை விளக்குகளில் ஒன்று சிவப்பாகியது. நடந்துகொண்டிருந்த அழைப்பு அறுந்தது. மைனஸ் 88ஆக இருந்த எண் மேலும் கீழுமாகத் தத்தளித்தது. கல்யாண மண்டபத்தில் மைக்கை ஒலிபெருக்கிக்கு எதிரே கொண்டுபோனால் கூவென்று ஒரு கூக்குரல் எழுந்து சபை முழுவதும் காதைப் பொத்திக்கொள்ளும் அல்லவா, அதே காரியந்தான் இங்கே காதுக்குக் கேட்காத அலைகளில் நடந்தது. உள் ஆன்டெனா விடும் அலை வெளி ஆன்டெனாவுக்குப் போய்ச் சேர்ந்து, மறுபடி பெருக்கப்பட்டு, மறுபடி வெளிவந்து, முடிவில்லாமல் சுழல்கிறது. 70 டெசிபல் பெருக்குமென்று அந்தப் பெட்டியின் மேல் எழுதியிருந்தது. அதாவது ஒரு கோடி மடங்கு. இரண்டு ஆன்டெனாக்களுக்கும் நடுவே அதைவிட அதிகமாக அலையைத் தடுக்கும் இடைவெளியும் சுவர்களும் இருந்தால்தான் இந்தச் சுழற்சி நிகழாது. தரைத்தளத்துக்கு மேல் மூன்று தளங்களுள்ள கட்டடத்தில் ஆன்டெனா மொட்டை மாடியில் இருந்ததால் நண்பர் ஓரளவு தப்பித்தார். ஜன்னலுக்கு வெளியே ஒன்று, உள்ளே ஒன்று என்று மாட்டிக்கொள்ளும் வீடுகளில் இந்தக் கூக்குரல் இரவு பகலாக நடந்துகொண்டிருக்கக் கூடும். வீட்டுக்காரருக்கு அது தெரியவும் தெரியாது.

அந்தக் கூக்குரல் போய் விழுவது டவரின் காதில். இங்கேதான் இந்தப் பரீட்சையின் முக்கியமான விஷயம் இருக்கிறதென்று நான் கருதுகிறேன்.

நம் ஊர்களில் பூஸ்டர் என்பது புதிய சாமான் அன்று. 1982இல் இலங்கையில் ரூபவாஹினி தொலைக்காட்சி தொடங்கியபோது, தூர்தர்ஷன் எட்டாத தென் மாவட்டங்களில் எத்தனை வீடுகளின் கூரைமேல் நெடிய கம்பங்கள் முளைத்தன, அந்தக் கம்பங்களின் உச்சியில் மீன் முள்ளைப்போல் கிளைத்த ஆன்டெனாக்கள் கடல் கடந்து வரும் படத்துக்காகத் தென்கிழக்கு நோக்கித் தவம் கிடந்தன, அந்த மங்கலான படம் துலங்குவதற்கு ஒரு சிறு பூஸ்டரையும் சேர்த்து மாட்டினார்கள் என்பதெல்லாம் நடுவயதைக் கடந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த ஆன்டெனாவின் தத்துவத்தை 1926இல் வகுத்தவர்கள் ஜப்பானின் தொஹோகு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷின்தாரோ உதாவும் ஹிதேத்ஸுகு யாகியும். இன்று நண்பரின் மொட்டை மாடியில் நிற்பதும் அதே யாகி ஆன்டெனாவின் குட்டி வடிவந்தான். ஆகவே, தொலைக்காட்சி பூஸ்டரை மாட்டிப் பழகிய மக்கள் கைப்பேசி பூஸ்டரையும் அதன் தம்பியென்று நினைத்து நல்லெண்ணத்தோடு மாட்டிக்கொள்வதில் ஆச்சரியமில்லை.

ஆனால் இரண்டுக்கும் உள்ள பேதம் பெரிது. தொலைக்காட்சிப் பெட்டி கேட்கும், பேசாது. அதன் பூஸ்டர் வானத்திலிருந்து வந்ததைப் பெருக்கி நம் வீட்டுக்குள் தந்ததோடு சரி. அதனால் அடுத்த வீட்டாரின் படம் கெடுவது அபூர்வம். கைப்பேசியோ கேட்கவும் பேசவும் செய்கிறது. அதன் பூஸ்டர் நம் குரலையும் பெருக்கி டவரை நோக்கி வீச வேண்டும். வீசும்போது தன் இரைச்சலையும் சேர்த்து வீசுகிறது. டவரிலுள்ள கருவி, பல நூறு கைப்பேசிகளின் மெல்லிய அலைகளை ஒரே சமயத்தில் உற்றுக் கேட்டுக்கொண்டிருப்பது. எந்தக் கைப்பேசி எவ்வளவு உரக்கப் பேச வேண்டுமென்பதையும் அதுவே நொடிக்கு நொடி உத்தரவிட்டு ஒழுங்குபடுத்துகிறது. நாலாம் தலைமுறைக் கைப்பேசி அதிகபட்சமாக விடும் சக்தியே சுமார் ஐந்தில் ஒரு பங்கு வாட்தான். இத்தகைய நாகரிகமான சபையில், ஒருவரும் பேசாதபோதும் ஓயாமல் இரைந்துகொண்டிருக்கும் ஒரு பெட்டி புகுந்தால், டவரின் செவி மந்தமாகிறது. அருகிலிருப்பவர்களின் கைப்பேசிகள் இன்னும் உரக்கக் கத்தி எப்படியோ சமாளித்துக்கொள்ளும். அவற்றின் பாட்டரி சீக்கிரம் தீரும். டவரின் எல்லையோரத்தில், ஏற்கெனவே மெலிந்த சிக்னலோடு போராடிக்கொண்டிருப்பவர்களுக்குத் தொடர்பே அறுந்துபோகும். நண்பரின் தாயாரைப் போன்ற நிலைமையில் அடுத்த தெருவில் மற்றொரு தாயார் இருப்பாரல்லவா? முதல் அடி அவருக்குத்தான் விழும்.

இதை உத்தேசித்தே நம் நாட்டுச் சட்டம் இதில் கண்டிப்பாக இருக்கிறது. உரிமமில்லாமல் கம்பியில்லாத் தந்திக் கருவி வைத்திருக்கக் கூடாதென்று 1933ஆம் வருஷத்துச் சட்டம் விதித்தது; ரேடியோ கருவியை வைத்திருப்பதற்கு அரசின் அனுமதி வேண்டுமென்ற அதே கோட்பாட்டை 2023ஆம் வருஷத்துத் தொலைத்தொடர்புச் சட்டமும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. உரிமம் பெற்ற தொலைபேசிக் கம்பெனிகளைத் தவிர வேறு எவரும் மொபைல் பூஸ்டரை வைத்திருப்பதும் விற்பதும் உபயோகிப்பதும் சட்ட விரோதமென்று மத்தியத் தொலைத்தொடர்புத் துறை 2022இல் வெளிப்படையாக அறிவித்தது. இவற்றை விற்கக் கூடாதென்று இணைய வர்த்தக நிறுவனங்களையும் எச்சரித்தது. நண்பர் பணம் கொடுத்து, ரசீது வாங்கி, பகிரங்கமாகத் தருவித்த சாமானைப் பற்றிச் சட்டம் இப்படிச் சொல்லுகிறதென்பதை நான் எடுத்துக் காட்டியபோது அவர் திகைத்துப்போனார். விற்றவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெட்டிக்குள்ளிருந்த காகிதத்திலும் இல்லை. பூஸ்டரை அன்றே கழற்றிவிட்டார். வாங்கியவரைத் தண்டிப்பது எளிது. ஆனால் இறக்குமதியாகும் துறைமுகத்திலும் விற்பனையாகும் சந்தையிலும் தடுக்க வேண்டியதைத் தடுக்காமல், முடிவில் ஒரு சாமானியக் குடும்பஸ்தரைக் குற்றவாளியாக்குவதை என்னால் நியாயமென்று ஒப்புக்கொள்ள முடியவில்லை.

மற்ற நாடுகள் நடுவழி ஒன்றைக் கண்டிருக்கின்றன. அமெரிக்காவில் 2013இல் வகுத்த விதிகளின்படி, 2014 மார்ச் முதல் வீட்டு உபயோகத்துக்காக விற்கப்படும் ஒவ்வொரு பூஸ்டரும், சுழற்சி ஏற்பட்டால் தானே அணைந்துவிடும்படியும், டவருக்கு அருகில் இருக்கும்போது தன் பலத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்படியும், ஒருவரும் பேசாதபோது இரைச்சலை அடக்கும்படியும் அமைந்திருக்க வேண்டும். வாங்கியவர் தம் தொலைபேசிக் கம்பெனியிடம் அதைப் பதிவு செய்துகொள்ளவும் வேண்டும். பிரிட்டனிலும் குறிப்பிட்ட இலக்கணங்களுக்குட்பட்ட பூஸ்டர்களுக்கு 2018 முதல் தனி உரிமம் தேவையில்லை. பெட்டி பொல்லாதது என்பதில்லை. ஒழுக்கமில்லாத பெட்டிதான் பொல்லாதது. அத்தகைய தரக் கட்டுப்பாட்டோடு கூடிய ஒரு வகையை நம் அரசும் அனுமதிப்பதுபற்றி யோசிக்கலாமென்பது என் அபிப்பிராயம். முழுத் தடை இருக்கிறது. ஆனால் மலிவுப் பெட்டி கடைத்தெருவில் தாராளமாகக் கிடைக்கிறது. இந்த இரண்டும் சேர்ந்து, நல்ல சாதனத்தை மாத்திரந்தான் மக்களுக்குக் கிடைக்காமல் செய்திருக்கின்றன.

அதுவரையில் வீட்டுக்காரர் என்ன செய்வது? நண்பரின் வீட்டில் பிராட்பேண்ட் இணைப்பு இருந்தது. வைஃபை பெட்டி கூடத்தில் இருந்தது. தாயாரின் கைப்பேசியில் வைஃபை காலிங் என்ற வசதியைத் திறந்துவிட்டோம். 2019ஆம் வருஷக் கடைசியிலும் 2020ஆம் வருஷ ஆரம்பத்திலும் பெரிய கம்பெனிகள் இந்த வசதியை நம் நாட்டில் கொண்டுவந்தன; தனிக் கட்டணமும் தனிச் செயலியும் இல்லை; அதே எண், அதே டயல் செய்யும் முறை; அழைப்பு மாத்திரம் டவரை நாடாமல் வைஃபை வழியாகப் போகிறது. கட்டிலில் உட்கார்ந்தபடியே அந்த அம்மாள் மகளோடு பேசினார். தெருவில் நான் கேட்டபோது விட்டு விட்டு வந்த அந்தக் குரல் இப்போது ஒரு சொல்லும் சிதறாமல் போய்ச் சேர்ந்ததாக மகள் சொன்னாள். ஓ.டி.பி. குறுஞ்செய்தியும் உடனுக்குடன் வந்தது. கையில் சாதனம் இருக்க, அதன் செட்டிங்ஸுக்குள் ஒளிந்திருக்கும் இந்தப் பரிகாரத்தைப் பற்றி அறியாமல் எத்தனை குடும்பங்கள் பூஸ்டருக்குப் பணம் கட்டுகின்றனவோ! மின்சாரம் போனால் வைஃபை பெட்டியும் அணைந்துவிடுமென்பது இதிலுள்ள ஒரு தொல்லை. அதற்கென்று விற்கும் சிறு யு.பி.எஸ். ஒன்றைச் சேர்த்துவிட்டால் சில மணி நேரத்துக்குக் கவலையில்லை. பழைய கைப்பேசிகள் சிலவற்றில் இந்த வசதி இராது.

பிராட்பேண்ட் இல்லாத வீடுகளில், முதலில் எந்தக் கம்பெனியின் அலை சுவரைத் துளைத்து வருகிறதென்று அக்கம்பக்கத்தாரின் கைப்பேசியில் அந்த மைனஸ் எண்ணைப் பார்த்துத் தெரிந்துகொண்டு, பிறகு 1900 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பி எண்ணை மாற்றாமலேயே கம்பெனியை மாற்றிக்கொள்ளலாம். எந்தக் கம்பெனியின் சேவை எந்தத் தெருவரை எட்டுகிறதென்ற வரைபடத்தை ஒவ்வொரு கம்பெனியும் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டுமென்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024இல் விதித்திருக்கிறது. பக்கத்திலுள்ள டவர்கள் எங்கே நிற்கின்றனவென்று அரசின் தரங் சஞ்சார் தளத்திலும் காணலாம். தனியாக இருக்கும் முதியவர்களுக்குச் சொல்லிவைக்க வேண்டிய இன்னொரு சங்கதி: தம் கம்பெனியின் சிக்னல் அறவே இல்லாதபோதும், வேறு எந்தக் கம்பெனியின் டவராவது எட்டுமானால், 112 என்ற அவசர எண்ணுக்கு அழைப்பு அதன் வழியாகப் போகும்.

எனினும் இவையெல்லாம் தனி மனிதர் தமக்குத் தாமே செய்துகொள்ளும் உபாயங்கள். மாதந்தோறும் கட்டணத்தை வாங்கிக்கொள்ளும் கம்பெனி, வீட்டு வாசல்வரை சேவை தந்துவிட்டால் தன் கடமை முடிந்ததென்று இருக்கலாமா? கோடிக் கணக்கில் விலை வைத்துக் கட்டடம் எழுப்புகிறவர், குடிநீர்க் குழாய்க்கும் மின்கம்பிக்கும் வழிசெய்வதைப்போல அலைக்கும் வழிசெய்ய வேண்டாமா? கட்டடங்களுக்குள் தொலைத்தொடர்பு எவ்வளவு நன்றாக எட்டுகிறதென்று பார்த்து அவற்றுக்குத் தரச் சான்று வழங்கும் ஒரு விதிமுறையை டிராய் 2024இல் வெளியிட்டிருக்கிறது. அது இப்போதைக்குக் கட்டாயமானதன்று. கட்டடம் கட்டுவோர் தம் விருப்பத்தின்பேரில் நாடலாம். அடுத்து வீடு வாங்கப் போகிறவர்கள் நீச்சல் குளத்தையும் உடற்பயிற்சிக் கூடத்தையும் பற்றிக் கேட்பதற்கு முன்னால், தரைத்தளப் பின்னறையில் நின்று தம் கைப்பேசியின் எண்ணைப் பார்த்துவிட்டு இந்தச் சான்றைப் பற்றிக் கேட்பார்களானால், கட்டாயமில்லாததும் நாளடைவில் வழக்கமாகிவிடும்.

நண்பரின் குடியிருப்போர் சங்கத்தில் இப்போது எல்லாரும் கையெழுத்திட்டு, அங்கே அதிகம் பேர் சந்தாதாரராக உள்ள கம்பெனிக்கு ஒரு புகார் மனு தயாரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு வீட்டின் ஒவ்வோர் அறையிலும் அளந்த எண்களைத் தளவாரியாக அட்டவணையிட்டு இணைத்திருக்கிறார்கள். ‘சிக்னல் சரியில்லை’ என்று பொதுப்படச் சொல்லும் புகாரைத் தட்டிக்கழிக்கலாம், ‘தரைத்தளம், பின்னறை, மைனஸ் 114’ என்று சொல்லும் புகாரை அவ்வளவு சுலபமாகத் தட்டிக்கழிக்க இயலாது. சட்டம் பூஸ்டரை விலக்குவது தனியார் கையில்தான். கம்பெனியே தன் பொறியாளரைக் கொண்டு, தன் டவருக்கு இணக்கமான ரிப்பீட்டர் என்ற பூஸ்டரைக் கட்டடத்தில் அமைப்பதற்கு எந்தத் தடையுமில்லை. அதைத்தான் கேட்டிருக்கிறார்கள். புகார் எண்ணைக் கவனமாகக் குறித்துக்கொண்டு, உரிய காலத்தில் பதில் வராவிட்டால் அதே கம்பெனிக்குள் இருக்கும் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போவதென்றும் தீர்மானித்திருக்கிறார்கள்.